வீட்டைப் பார்க்க வந்தவள்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மலரைத் தொகுக்கும் தம்பி எனக்குப் போன் செய்தார். “ஆன்ட்டி, நீங்க சோஷியல் வொர்க்கரா இருந்தீங்கல்ல, ஏதாவது இன்ட்ரஸ்டிங்கா எழுதிக் குடுங்க. கான்ட்ரவர்சி மட்டும் வேண்டாம்” என்றார். இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலை, முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் நுழைந்து அவர்களுடைய ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது. அதில் சண்டை சச்சரவு இல்லாத பகுதியை எங்கே போய்த் தேடுவது? எழுதித் தருகிறேன், ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்றேன். அரை மனதாகச் சரி என்றார். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் மாலதி என்று வருகிறவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் பட்டம், மதுரையில் சமூகப் பணியில் மேற்படிப்பு, கல்யாணம், விசா, ஐந்து வருடம் நியூ ஜெர்சி அபார்ட்மென்ட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பிறகு இங்கே மறுபடியும் படித்து லைசென்ஸ் வாங்கியது. ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறவர்களின் வீட்டை ஆய்வு செய்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். இங்கே அதை ஹோம் ஸ்டடி என்பார்கள்.

புகை அலாரத்தை அழுத்திப் பார்ப்பேன். குழாயில் வெந்நீரைத் திறந்து, குழந்தையின் தோலைச் சுடுமா என்று தெர்மாமீட்டரைப் பிடிப்பேன். மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, மாடி ஜன்னல் எவ்வளவு தூரம் திறக்கிறது என்று பார்ப்பேன். கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்து ஒரு முறை, தனித்தனியே ஒரு முறை கேள்வி கேட்பேன். கைரேகை வாங்குவோம். உறவினர் அல்லாத மூன்று பேரிடமிருந்து, நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்த வீட்டில் தண்ணீர் தவிர வேறு எதுவும் குடிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பெரும்பாடு. நம் ஆட்களின் வீட்டில் காபி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டாரத்தி. நெவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. நல்ல உயரம். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பென்சில். எங்கள் அறிக்கைகளை அவர் நின்றபடியே படிப்பார். நின்றபடியே படித்து முடித்துவிட்டால் நாங்கள் தப்பித்தோம். நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அந்த அறிக்கைக்குக் கேடு காலம். அலுவலகத்தில் அத்தனை பேரும் அந்த நாற்காலியின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்போம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எனக்காக அந்த நாற்காலி இழுக்கப்பட்டது. இரண்டு ஆண்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றவர் பஸ் ஓட்டுபவர். பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். அப்போது அவர்களுக்குக் கல்யாண உரிமை கிடையாது. ஆனால் நியூ ஜெர்சியில் சேர்ந்து தத்தெடுக்க முடிந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் போவது அதுவே முதல் முறை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அந்த வீட்டு சோபாவில் நுனியில்தான் உட்கார்ந்தேன். உங்களில் யார் சமைப்பது என்று இரண்டு தடவை கேட்டேன். அறிக்கையில், வீடு ஆச்சரியப்படும்படி சுத்தமாக இருந்தது என்று எழுதினேன்.

டாரத்தி உட்கார்ந்தார். அந்த ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். அவர் பேசியது ஆங்கிலம், எனக்கு நினைவிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

“எஸ்தர், இந்த ஆச்சரியம் எந்த அறையில் இருந்தது?”

நான் அந்த வட்டத்தையே பார்த்தேன்.

“வீட்டில் என்ன இருந்தது என்று எழுது. உனக்குள் என்ன இருந்தது என்று எழுதாதே. அந்த வீடு உனக்குப் பிடித்ததா இல்லையா என்று உன்னை யாரும் கேட்கவில்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்து, அறிக்கையைத் திருத்தி எழுதினேன். அந்த இரண்டு பேரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்று வரை உறுத்துகிறது. அதற்குப் பிறகு நான் பார்த்ததை மட்டுமே எழுதினேன். சுவரில் என்ன படம், அலமாரியில் எத்தனை கதைப் புத்தகம், குழந்தையின் செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது என்றெல்லாம் எழுதி, என் அறிக்கைகள் மளிகை லிஸ்ட் மாதிரி இருப்பதாகச் சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். டாரத்தி நின்றபடியே படித்தார்.

இனி மாலதிக்கு வருகிறேன். ஒரே பாலினத்தவரின் திருமணம் நாடு முழுவதும் செல்லும் என்று ஆகிச் சில வருடங்கள் கழிந்திருந்தன. இனி இவர்களுக்கு என்ன கவலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாலதி கரூர்ப் பக்கத்துப் பெண். எம்.எஸ். படிக்க வந்து, சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்து, நியூ ஜெர்சியிலேயே வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கியவர். அவருடைய மனைவி ஜெனி, ஒரு நர்ஸ். ஜெனியின் பெற்றோர் நாகர்கோவில்காரர்கள், டெக்சாஸில் சுகர் லேண்டில் இருந்தார்கள். ஜெனி வளர்ந்தது அங்கேதான். மாலதியும் ஜெனியும் முறைப்படி திருமணம் செய்தவர்கள். கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஜெனி பெற்ற பெண் குழந்தை இனியா. பிறப்புச் சான்றிதழில் தாய் என்று இருவர் பெயரும் இருந்தது.

பிறகு எதற்குத் தத்தெடுப்பு? பிறப்புச் சான்றிதழ் என்பது ஓர் அலுவலகம் பதிந்து தருகிற காகிதம். வேறொரு மாநிலத்தில் யாராவது வழக்குப் போட்டு, பெறாதவள் எப்படித் தாய் ஆவாள் என்று கேட்டால், அந்தக் காகிதம் நிற்கும் என்று எந்த வக்கீலும் உறுதி கொடுக்கவில்லை. நீதிமன்றம் தந்த தத்தெடுப்பு ஆணை அப்படி இல்லை. அதை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ஜெனியின் இதயம் பலவீனமாகிவிட்டது. வைத்தியத்துக்கும் துணைக்கும் சுகர் லேண்டுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஆணை கையில் வராமல் டெக்சாஸுக்குக் குடி போகாதீர்கள், போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று அவர்களுடைய வக்கீல் எச்சரித்திருந்தார். எங்கள் கவுன்டி நீதிபதி வீட்டு ஆய்வு அறிக்கையும் கேட்டார். அப்படித்தான் அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது.

வந்த மறுநாளே டாரத்தி என்னைக் கூப்பிட்டார். மனுதாரர் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார் என்றார். ஏன் என்றேன். “உன் கடைசிப் பெயரைப் பார்த்து நீ தமிழச்சியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதனால்தான்.”

சுருக்கென்றது. ஆனால் மாலதியின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இங்கே எடிசனில் ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு ஊரான பிரிட்ஜ்வாட்டரில் மருந்து சொல்வார்கள் நம் ஜனங்கள். வேறு ஆள் வேண்டுமானால் ஆறு வாரம் ஆகும் என்று டாரத்தி சொல்லியிருக்கிறார். ஜெனிக்கு சுகர் லேண்டுக்குப் பக்கத்தில் ஹூஸ்டனில் டாக்டர் நாள் குறித்திருந்தார், காத்திருக்க முடியாது. வேறு வழியில்லாமல் மாலதி என்னை ஏற்றுக்கொண்டார்.

முதல் முறை போனபோது மாலதி கதவைத் திறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே பேசினார். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். சோபாவில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த ஜெனிதான் அதை உடைத்தார்.

“ரெண்டு பேரும் போதும் ஆன்ட்டி, டிவில டிபேட் பார்க்கிற மாதிரி இருக்கு. தமிழ்லயே திட்டிக்கோங்க. ஃப்ரிட்ஜ் அங்க இருக்கு, செக் பண்ணுங்க. என் ஹார்ட்டை விட அது நல்லா ஓடுது.”

மாலதி சிரிக்கவில்லை. நான் அலாரத்தை அழுத்தினேன். வெந்நீரைப் பார்த்தேன். இனியாவுக்கு அப்போது பதினான்கு மாதம். நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே அறை அறையாக வந்து, நான் திறந்த அலமாரிகளை ஒவ்வொன்றாகச் சாத்தியது. ஹாலில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. மாலதி பட்டுப் புடவையில் தரையில் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. படத்தின் ஓரத்தில், குழந்தையின் தலைக்குப் பக்கத்தில், வயதான ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள். வழக்கம்போல அதையும் குறித்துக்கொண்டேன்.

நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இந்தக் குழந்தையை ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள்? அந்த இடம் வந்ததும் மாலதி பேனாவை மூடிவிட்டார்.

“ஆன்ட்டி, நான் உங்களை ஒண்ணு கேக்கலாமா? ஐ.வி.எஃப். ஊசி எல்லாத்தையும் நான்தான் அவளுக்குப் போட்டேன். லேபர் ரூம்ல நான்தான் தொப்புள் கொடி கட் பண்ணேன். ஜெனி ஐசியூல இருந்தப்போ இவளுக்கு பாட்டில் குடுத்தது நான். இப்ப என் குழந்தையை நானே தத்தெடுக்கணுமா? அதுக்கு வெளியாள் ஒருத்தர் வந்து என் வீட்டு பாத்ரூமைப் பார்க்கணுமா?”

கேட்க வேண்டிய கேள்விதான் என்றேன். பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் இதே சிகிச்சையில் குழந்தை பெற்றால் அவர்கள் வீட்டு வெந்நீரை யாரும் போய்த் தொட்டுப் பார்ப்பதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. மாலதி படிவத்தை இழுத்து, அந்தக் கட்டத்தில் இரண்டே வரி எழுதினார். “விரும்பவில்லை. செய்ய வேண்டியிருக்கிறது.” டாரத்தி அந்த இடத்தைப் படித்தபோது பென்சில் காகிதத்தின் மேலே கொஞ்ச நேரம் நின்றது. கோடு எதுவும் போடவில்லை.

ஜெனியுடன் தனியே பேசிய நாள்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அப்படியே அனுப்புங்கள் என்று அவர் சொன்னதால், அவர் சொன்னதை அறிக்கையிலும் எழுதினேன்.

“டெக்சாஸ்ல இருக்கற எங்க அண்ணன் ரொம்ப நல்லவன் ஆன்ட்டி. அதுதான் எனக்கு பயம். கெட்டவன்னா சண்டை போடலாம். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நல்லது பண்றோம்னு நெனச்சுகிட்டு இனியாவை அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். மாலதியை விசிட்டர் மாதிரி வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லுவான். அன்பாத்தான் சொல்லுவான்.”

அறிக்கையை முடித்து வியாழக்கிழமை டாரத்தியிடம் கொடுத்தேன். திங்கள் மாலைக்குள் நீதிமன்றத்தில் சேர்க்க வேண்டும். நான் என் இடத்துக்கு வந்து உட்காரவும் நாற்காலி இழுக்கப்படும் சத்தம் கேட்டது.

கடிதம் தந்த மூன்று பேரில் ஒருவர் பிரிட்ஜ்வாட்டரில் இருந்த ருக்மணி அம்மாள். எழுபதைத் தாண்டியவர், திருப்பூர்க்காரர். மாலதி அமெரிக்கா வந்த புதிதில் அவர்கள் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் வாடகைக்கு இருந்தார். பத்து வருடப் பழக்கம். கடிதத்தை அழகான ஆங்கிலத்தில் எழுதி, பேங்கில் நோட்டரி முத்திரையும் வாங்கி அனுப்பியிருந்தார். அதில் இப்படி இருந்தது: மாலதியும் ஜெனியும் கூடப்பிறந்த அக்கா தங்கை போல ஒரே வீட்டில் ஒற்றுமையாக வசிக்கிறார்கள். குழந்தையிடம் மாலதி சொந்தப் பெரியம்மா மாதிரி பாசமாக இருக்கிறாள்.

“இது என்ன?” என்றார் டாரத்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்திருந்தேன். என்ன பிரியமாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக் கோப்பில் வைத்தவளே நான்தான். ஒரே வீட்டில் வாழும் இரண்டு பெண்களைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்லபடியாகச் சொல்ல வேண்டுமென்றால் நாம் அக்கா தங்கை என்றுதானே சொல்வோம். என் தமிழ்க் கண்ணுக்கு அதில் தப்பே தெரியவில்லை. ஏன் அப்படி எழுதியிருக்கிறார் என்று டாரத்திக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நாளை டெக்சாஸில் அந்த அண்ணன் ஒரு வக்கீலை வைத்தால், அந்த வக்கீல் இந்த ஒரு பக்கத்தைத்தான் தேடிக் கண்டுபிடிப்பார். பத்து வருடம் தெரிந்தவரே இவள் பெரியம்மா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பார். அப்போது யாருக்கு விளக்குவாய்?”

கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது, அது சாட்சியம். அவராக விரும்பினால் இன்னொரு கடிதம் தரலாம். நான் நேரில் போய்க் கேள்வி கேட்கலாம். ஒரே ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. இப்படி எழுதினால் நல்லது என்று கோடி காட்டினாலும் அறிக்கையே செல்லாது. டாரத்தி இதை மூன்று தடவை சொன்னார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பிரிட்ஜ்வாட்டர் போனேன். ருக்மணி அம்மாள் சமையலறை மேஜையில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்லக் கேளாமல் காபியை வைத்தார். அது ஆறிப்போகும் வரை என் முன்னால் இருந்தது. முன்பு தந்த கடிதம் பற்றிச் சில கேள்விகள் இருக்கின்றன என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

“நான் என்னங்க தப்பா எழுதிப்போட்டேன்? கோர்ட்டுல பத்துப் பேரு படிப்பாங்க. புள்ளைங்க ரெண்டு பேரு மானமும் போகக் கூடாதுன்னுதானே அப்பிடி எழுதுனேன்?”

“தப்புன்னு நான் சொல்லலக்கா. கேள்வி மட்டும்தான் கேக்க வந்தேன். இனியா பொறந்தப்போ நீங்க கூட இருந்தீங்களா?”

“இல்லாம? லேகியம் கிண்டி எடுத்துட்டுப் போனேன். அதைச் சாப்புட ஜெனிக்குக் குடுத்து வெக்கல. மூணாம் நாளே மூச்சு வாங்குதுன்னு ஐசியூல போட்டுட்டாங்க. இருவது நாளு. மாலதிக்கு ஒரு காலு ஆஸ்பத்திரில, ஒரு காலு வீட்டுல.”

“மாலதி வீட்டு ஹால்ல ஒரு போட்டோ இருக்கு. அவங்க மணையில உக்காந்திருக்காங்க, மடியில குழந்தை. பக்கத்துல ஒரு கை மட்டும் தெரியுது. பச்சை வளையல் போட்ட கை. அது யாரோடதுன்னு தெரியுமா?”

ருக்மணி அம்மாள் மேஜை மேலிருந்த தன் கையைப் பார்த்தார். அன்றும் பச்சை வளையல்தான் போட்டிருந்தார்.

“என்னோடதுதானுங்க.”

“என்ன விசேஷம்க்கா அது?”

“பதினாறாம் நாளு. தொட்டிலு போட்டுப் பேரு வெச்சோம். ஜெனி வேதக்காரப் பொண்ணு, அவங்களுக்கு இதெல்லாம் இல்ல. எனக்குத்தான் மனசு கேக்கல. நாளைத் தள்ளக் கூடாதுன்னு நான்தான் போயிச் செஞ்சேன்.”

“அதுல குழந்தையை மடியில வெச்சுகிட்டு யாரு உக்காரணும்?”

“அம்மாக்காரிதான் உக்காரோணும். வேற யாரு உக்காருவாங்க?”

அதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்திவிட்டார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. ருக்மணி அம்மாள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அவ உக்கார மாட்டேன்னுட்டாங்க. ஜெனி வரட்டும், அவதான் அம்மா, நான் உக்காந்தா அவளுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு அழுவறா. நான்தான் திட்டுனேன். நீயும் அம்மாதான்டி, உக்காருன்னேன். தோளைப் புடிச்சு அழுத்தி உக்கார வெச்சது நானு.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வீட்டுல உக்கார வெச்சுட்டு கோர்ட்டுல எந்திரிக்கச் சொல்லிட்டனே.”

பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். இங்கிலீஷில் இதை எப்படி எழுதுவது என்றார். அதை நான் சொல்லக் கூடாது, தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க வேறு ஆள் இருக்கிறார் என்றேன். அவருடைய கணவர் சுந்தரம் ஐயா வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ருக்கு, பாத்து எழுது. நம்ம பேரு கோர்ட்டுக்குப் போகுது.”

“ஏற்கெனவே போயாச்சுங்க. போனதுதான் தப்பாப் போச்சு.”

அவர் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சுந்தரம் ஐயா அதை வாங்கிப் படித்தார். உள்ளே போய்க் கார் சாவியை எடுத்து வந்து, “சனிக்கிழமை, பேங்க் பன்னெண்டுக்கே மூடிருவான். நோட்டரி போயிருவான், கெளம்பு” என்றார்.

அந்தக் கடிதத்தில் எனக்கு மனப்பாடமான பகுதி இது: “குழந்தைக்கு இரண்டு அம்மா. முதல் கடிதத்தில் மாலதியைப் பெரியம்மா என்றும் இருவரையும் அக்கா தங்கை என்றும் எழுதியது, ஊர் என்ன சொல்லுமோ என்று நான் பயந்து எழுதியது. அவர்கள் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பதினாறாம் நாள் குழந்தையை மாலதி மடியில்தான் வைத்தோம். அம்மாவாக அவளை உட்கார வைத்தது நான். எந்த ஊரில் வந்து கேட்டாலும் இதைச் சொல்வேன்.”

திங்கட்கிழமை மொழிபெயர்ப்புடன் டாரத்தியிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். பதினாறாம் நாள் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தார், நின்றபடியே. பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மணி ஆகிறது, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

மூன்று வாரத்தில் ஆணை வந்தது. நீதிமன்றத்தில் மொத்தம் பத்து நிமிடம். நீதிபதி கையெழுத்திடும்போது இனியா அவருடைய மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தது. ருக்மணி அம்மாள் கடைசி வரிசையில் கணவருடன் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் மாலதி அந்தக் காகிதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “லேமினேட் பண்ணிடறேன் ஆன்ட்டி” என்றார். பதறிவிட்டேன். மார்க் ஷீட்டுக்குச் செய்கிற மாதிரி செய்துவிடாதீர்கள், மேடாக இருக்கும் முத்திரை நசுங்கிவிட்டால் எந்த அலுவலகத்திலும் வாங்க மாட்டார்கள், இன்னொரு தம்பதிக்கு அப்படி ஆகியிருக்கிறது என்றேன். சான்றிட்ட நகல்களாக நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஜெனி என்னைக் கட்டிக்கொண்டார். மாலதி கை மட்டும் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் சுகர் லேண்டுக்குப் போய்விட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம் டாரத்தி ஓய்வு பெற்றார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். நியூ ஜெர்சியில் சட்டமும் மாறிவிட்டது. இப்போது மாலதி, ஜெனி மாதிரி தம்பதிகள் காகிதங்களைத் தாக்கல் செய்தால் போதும், வீட்டு ஆய்வு தேவையில்லை, நீதிமன்றம் ஏற வேண்டியதும் இல்லை. என் இடத்தில் இருக்கும் பெண் போன் செய்து இதைச் சொல்லிவிட்டு, உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு வருத்தம்? சொந்தக் குழந்தைக்காக ஒருத்தி இனி யாருக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்ட வேண்டாம். எனக்குச் சந்தோஷம். அந்த ஒரு காகிதத்தையும் இன்னும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

சட்டம் மாறியதைக் கேள்விப்பட்டுக் கொஞ்ச நாள் கழித்து, டெக்சாஸ் நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. மாலதி.

“ஆன்ட்டி, ஆர்டர் காப்பி இன்னும் ரெண்டு வேணும். இங்கேருந்தே அப்ளை பண்ண முடியுமா? யாருக்கு எழுதணும்?”

முன்பு வாங்கியவை என்ன ஆயின என்று கேட்டேன்.

“தீர்ந்துபோச்சு. ஒண்ணு ஆஸ்பத்திரில வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணு சோஷியல் செக்யூரிட்டிக்கு. ஒண்ணு டே கேருக்கு. ஜெனி போயிட்டா ஆன்ட்டி. நாலு மாசம் ஆச்சு.”

ஃப்ரிட்ஜ் என் ஹார்ட்டை விட நல்லா ஓடுது என்று சொன்ன குரல்தான் காதில் கேட்டது. மாலதியே தொடர்ந்தார்.

“அவ சொன்ன மாதிரியே ஆச்சு. அண்ணன் வந்தார். நல்லபடியாத்தான் பேசினார். இனியா எங்ககூட இருக்கட்டும், நீ எப்ப வேணா வந்து பாருன்னார். நான் முடியாதுன்னேன். அடுத்த வாரம் லாயர் லெட்டர் வந்துச்சு. நான் ஒரு பதிலும் எழுதல. ஆர்டர் காப்பியை மட்டும் கவர்ல போட்டு அனுப்பினேன். அதுக்கப்புறம் லெட்டரே வரல.”

“இப்ப அவரு?”

“போன மாசம் இவ பர்த்டேக்கு சைக்கிள் வாங்கிட்டு வந்தார். வாசல்லயே நின்னார். உள்ள வாங்கண்ணான்னேன். வந்து சாப்பிட்டுட்டுப் போனார். அவ அம்மான்னு கூப்பிடறதுக்கு எனக்குப் பேப்பர் வேண்டாம் ஆன்ட்டி. அவ என்கூடவே இருக்கறதுக்குத்தான் வேண்டியிருந்துச்சு.”

நகல் வாங்க எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குழந்தைக் குரல், யாருடன் பேசுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

“நீ குட்டியா இருந்தப்போ, நியூ ஜெர்சில நம்ம வீட்டைப் பார்க்க ஒரு ஆன்ட்டி வந்தாங்கன்னு ஜெனி அம்மா சொல்லுவாளே, அவங்க.”

“டிட் ஷி லைக் அவர் ஹவுஸ்?”

“நீயே கேளு” என்று மாலதி போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டார். மூச்சு விடும் சத்தம் என் காதில் வந்து நின்றது. இருபத்தாறு வருடம் நான் ஒரு அறிக்கையிலும் எழுதக் கூடாதது அது ஒன்றுதான்.

“பிடிச்சிருந்துது கண்ணு” என்றேன். “ரொம்பப் பிடிச்சிருந்துது.”